எஃப்.டி.ஐ.ஆர். வாங்கப் போகிறவருக்கு

கேள்வி இதுதான்: கடலூர் சிப்காட் பக்கம் ஒரு சிறிய தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம். வருவது மருந்துக்கான மூலப்பொருள்கள், கரைப்பான்கள், இடையிடையே பேக்கிங் பிலிம். இதுவரை ஐ.ஆர். சோதனைக்கு (அகச்சிவப்பு ஒளியை விட்டுப் பொருளை அடையாளம் காண்பது) சாம்பிளை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இப்போது சொந்தமாக ஒரு எஃப்.டி.ஐ.ஆர். (பூரியே கணக்கு முறையில் ஓடும் அகச்சிவப்புக் கருவி) வாங்க முதலாளி சம்மதித்துவிட்டார். கையில் மூன்று கொட்டேஷன். "எந்தக் கம்பெனி நல்லது? ஏ.டி.ஆர். மட்டும் போதுமா, பெல்லட் போடும் பிரஸ்ஸும் வாங்க வேண்டுமா?" ஏ.டி.ஆர். என்பது பொருளை ஒரு படிகத்தின் மேல் அழுத்திப் பார்க்கும் இணைப்பு; பெல்லட் என்பது பொருளை உப்புப் பொடியோடு அரைத்து அழுத்திய வில்லை.

கம்பெனி பெயரைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். தெர்மோ பிஷரின் நிகோலெட், பெர்கின் எல்மர், ஷிமாட்ஸு, புரூக்கர், அஜிலென்ட், ஜாஸ்கோ என்று சந்தையில் இருக்கும் பெயர்களில் எதை வாங்கினாலும் பாராசிட்டமாலின் ஸ்பெக்ட்ரம், அதாவது அது எந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற வரைபடம், பாராசிட்டமாலின் ஸ்பெக்ட்ரமாகத்தான் வரும். அடிப்படை எஃப்.டி.ஐ.ஆர். என்பது முதிர்ந்துவிட்ட தொழில்நுட்பம். 1965இல் கூலி, டூக்கி இருவரும் வேகமான பூரியே கணக்கு முறையைக் கொடுத்தார்கள். 1969இல் டிஜிலேப் நிறுவனம் கணினி இணைந்த முதல் வணிகக் கருவியை விற்றது. அதிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. உள்ளே இருப்பது இன்றும் மைக்கேல்சன் இன்டர்பெரோமீட்டர்தான். ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு கண்ணாடியை நகர்த்தி, மறுபடி சேர்த்து, கிடைக்கும் குறுக்கீட்டுக் கோலத்தைக் கணினி ஸ்பெக்ட்ரமாக மாற்றுகிறது. இதில் ஒரு கம்பெனி பெரிதாக ஏமாற்றவும் முடியாது, பெரிதாக அசத்தவும் முடியாது.

ஒரு சிறு எச்சரிக்கை. பழைய கிரேட்டிங் வகைக் கருவி, பேப்பரில் பேனா கோடு இழுக்கும் வகை, குறைந்த விலைக்கு வருகிறது என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அது ஒவ்வொரு அலை எண்ணாக (ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலை என்ற கணக்கு, செ.மீ⁻¹) நடந்துபோகும். ஒரு ஸ்பெக்ட்ரத்துக்குப் பல நிமிடம் ஆகும். எஃப்.டி.ஐ.ஆர். எல்லா அலை எண்ணையும் ஒரே வீச்சில், ஒன்றிரண்டு நொடியில் எடுத்துவிடும்.

கருவி எங்கே வித்தியாசப்படும் என்றால் மூன்று இடத்தில். சாம்பிள் தொடும் இடம், ஈரம் புகும் இடம், கருவி நின்றுபோனால் வந்து பார்க்கும் ஆள். ப்ரோஷரில் பெரிய எழுத்தில் இருப்பது இந்த மூன்றும் அல்ல.

முதலில் சாம்பிள் தொடும் இடம். இன்று பெரும்பாலான ஆய்வகங்களில் தினசரி வேலையை ஏ.டி.ஆர். பார்த்துக்கொள்கிறது. ஒரு படிகத்தின் மேல் பொடியையோ திரவத்தையோ வைத்து அழுத்தினால் போதும். ஒளி படிகத்துக்குள்ளேயே முழு அக எதிரொளிப்பு அடைகிறது. அப்படித் திரும்பும்போது மேற்பரப்பைத் தாண்டிக் கொஞ்சம் கசியும் அலையைத்தான் சாம்பிள் உறிஞ்சுகிறது. எவ்வளவு ஆழம் கசியும் என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும். வைரப் படிகத்தில், 45 டிகிரி கோணத்தில், சாதாரண கரிமப் பொருளுக்கு, 1000 செ.மீ⁻¹ இடத்தில் சுமார் 2 மைக்ரான். 3000 செ.மீ⁻¹ இடத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு. அதனால்தான் ஏ.டி.ஆர். ஸ்பெக்ட்ரத்தில் 3000 பக்கத்துப் பீக்குகள் (உறிஞ்சலைக் காட்டும் முனைகள்) சப்பையாகவும் 1000 பக்கத்துப் பீக்குகள் திடமாகவும் தெரிகின்றன. பெல்லட்டில் எடுத்த பழைய ஸ்பெக்ட்ரத்தோடு இதை வைத்துப் பார்த்துவிட்டு "பொருள் சரியில்லை" என்று சப்ளையருக்குக் கடிதம் எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பொருளில் குறை ஒன்றுமில்லை, இரண்டும் வேறு முறையில் எடுத்தவை, அவ்வளவுதான். மென்பொருளில் ஏ.டி.ஆர். திருத்தம் என்று ஒன்று இருக்கும். அது ஓரளவுக்கு உதவும். ஆனால் ஒப்பிடும் ரெஃபரன்ஸையும் அதே ஏ.டி.ஆரில் எடுத்து வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. அமெரிக்க மருந்துத் தொகுப்பு (யு.எஸ்.பி. என்ற தர விதிநூல்) சொல்வதும் அதுதான்: அடையாளச் சோதனைக்குப் பெல்லட் முறைக்குப் பதிலாக ஏ.டி.ஆரைப் பயன்படுத்தலாம், ஆனால் ரெஃபரன்ஸ் ஸ்டாண்டர்டின் (ஒப்பிடுவதற்கென்று வைத்திருக்கும் தூய பொருள்) ஸ்பெக்ட்ரமும் அதே மாதிரி எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

படிகத்தில் மூன்று வகை பேசப்படும். வைரம், ஜிங்க் செலினைடு, ஜெர்மானியம். உங்களுக்கு வைரம்தான். விலை கூடுதல் என்று கொட்டேஷனில் ஜிங்க் செலினைடு போட்டு விலையைக் குறைத்துக் காட்டியிருந்தால் அதை மாற்றச் சொல்லுங்கள். ஜிங்க் செலினைடு மிருதுவானது. கரகரப்பான ஒரு பொடியை வைத்து, கருவியின் அழுத்தும் கையைத் திருகினால் அன்றைக்கே கீறல் விழும். சுமார் 5 முதல் 9 வரை பி.எச். இருக்கும் சாம்பிள்தான் அதற்கு ஆகும். வலுவான அமிலம் பட்டால் படிகம் கெடுவதோடு, ஹைட்ரஜன் செலினைடு என்ற விஷ வாயுவும் வரும். எண்ணெய், பேஸ்ட் மாதிரி சாதுவான சாம்பிள்களை மட்டும் பார்க்கும் இடத்துக்கு அது பரவாயில்லை. மருந்து மூலப்பொருள் என்பது அமிலம், காரம், உப்பு, கல் மாதிரிப் படிகம் எல்லாம் கலந்த கூட்டம். அதை வைரம் மட்டும்தான் தாங்கும்.

வைரத்துக்கும் ஒரு குறை உண்டு. சுமார் 2300 முதல் 1800 செ.மீ⁻¹ வரை வைரமே ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். அந்த இடத்தில் இரைச்சல் கூடும். நைட்ரைல், ஐசோசயனேட், அசைடு, ஆல்கைன் எல்லாம் பீக் காட்டுவது அந்த வட்டாரத்தில்தான். பாலியூரிதேன் வேலை செய்கிறவர்கள் இதை டெமோவிலேயே பார்த்துவிட வேண்டும். உங்களிடம் அந்த மாதிரிப் பொருள் ஒன்றிரண்டு இருந்தால் அதையும் டெமோவுக்கு எடுத்துப் போங்கள்.

ஜெர்மானியத்தின் ஒளிவிலகல் எண் 4. அதனால் கசியும் ஆழம் 1000 செ.மீ⁻¹ இடத்தில் 0.7 மைக்ரானுக்கும் கீழே. கார்பன் பிளாக் போட்ட ரப்பர் மாதிரிக் கரிக்கட்டைச் சாம்பிள்களுக்கு இது வரப்பிரசாதம். டயர், ஓ-ரிங் தொழில் இல்லாதவர்களுக்கு அவசியமில்லை.

கரைப்பான்களைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அசிட்டோனையோ டைகுளோரோமீத்தேனையோ ஒரு சொட்டு வைரத்தின் மேல் விட்டு, 32 ஸ்கேன் ஓட விட்டால், ஸ்கேன் முடிவதற்குள் சொட்டே ஆவியாகிப் போயிருக்கும். மேலே மூடும் சிறு மூடி ஒன்று தருவார்கள். அது கொட்டேஷனில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தனியாகக் கேட்டு வாங்குங்கள். சின்னப் பொருள்தான், பிற்பாடு ஆர்டர் போட்டால் வந்து சேர மாதக்கணக்கில் இழுக்கும்.

பேக்கிங் பிலிமுக்கு வருவோம். 2 மைக்ரான் ஆழம்தான் ஏ.டி.ஆர். பார்க்கும் என்பதை இங்கே மறக்கக் கூடாது. லேமினேட் பிலிமை வைத்தால் மேல் தோல் மட்டும் தெரியும். திருப்பி வைத்தால் அடித்தோல் தெரியும். நடுவில் நைலான் இருக்கிறதா, வேறு எதுவும் இருக்கிறதா என்பது தெரியவே தெரியாது. 2915, 2848 என்று இரண்டு கூரான பீக்கும் 1470, 720 பக்கத்தில் இரண்டும் வந்தால் மேலே இருப்பது பாலிஎத்திலீன். 1376இல் தெளிவான பீக்கோடு 2950 பக்கத்தில் ஒரு கூட்டமாக வந்தால் பாலிபுரோப்பிலீன். நடு அடுக்கு வேண்டும் என்றால் உரித்தோ, குறுக்கே மெல்லிசாக வெட்டியோதான் பார்க்க வேண்டும். அதை ஒழுங்காகச் செய்ய ஐ.ஆர். மைக்ரோஸ்கோப் வேண்டும். அது முதன்மைக் கருவியின் விலையையே தாண்டிப் போகக்கூடிய செலவு. மாதம் இரண்டு பிலிமுக்காக அதில் இறங்காதீர்கள், அதை வெளியே அனுப்புங்கள்.

சரி, ஈரம். கடலூரில் இருந்துகொண்டு எஃப்.டி.ஐ.ஆர். வாங்குகிறவர் தூக்கத்திலும் நினைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது. சாதாரண எஃப்.டி.ஐ.ஆரில் பீம் ஸ்பிளிட்டர் (ஒளியை இரண்டாகப் பிரிக்கும் தட்டு) என்பது ஜெர்மானியம் பூசிய பொட்டாசியம் புரோமைடு. பெட்டியின் ஜன்னல்களும் பெரும்பாலும் அதேதான். பொட்டாசியம் புரோமைடு என்பது உப்பு. சமையலறையில் உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் அதற்கும் ஆகும். கொஞ்சம் கொஞ்சமாகப் பூத்து, மங்கி, ஆற்றல் குறைந்துகொண்டே வரும். ஒரு நாள் கருவி "சிக்னல் போதவில்லை" என்று நின்றுவிடும். பீம் ஸ்பிளிட்டரை மாற்றுவது என்பது கண்ணாடி மாற்றுகிற வேலை இல்லை. என்ஜினீயர் வர வேண்டும், உதிரிப் பாகம் இறக்குமதியாக வேண்டும், பில்லைப் பார்த்து முதலாளிக்கு வியர்க்க வேண்டும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் நடந்தது. பொங்கல் விடுமுறைக்கு மின்சாரம் மிச்சம் பிடிக்கிறோம் என்று நிர்வாகம் ஏ.சி.யையும் கருவியையும் சேர்த்து அணைத்துவிட்டது. ஐந்து நாள் கழித்துத் திறந்தோம். ஏ.சி.யைப் போட்டதும் அறை சட்டென்று குளிர்ந்து, எல்லாவற்றின் மேலும் ஈரம் படிந்தது. சிலிக்கா ஜெல் அதற்கு முன்பே நிறம் மாறி மாதக்கணக்காகிவிட்டிருந்தது; யாரும் கவனிக்கவில்லை. ஜன்னல் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தது. மிச்சம் பிடித்த மின்சாரக் கட்டணத்தை எத்தனை வருடத்துக்குக் கணக்குப் போட்டாலும் அந்த ஒரு பில்லுக்கு ஈடாகாது.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, பொட்டாசியம் புரோமைடு கருவியையே வாங்கி ஒழுங்காகப் பராமரிப்பது. கருவியை ராத்திரி பகல் அணைக்காமல் ஓட விடுவது (உள்ளே இருக்கும் வெப்பமே ஈரத்தை விரட்டும்), உலர்த்தியை நாள் குறித்து மாற்றுவது, ஈரம் காட்டும் அட்டையை வாரம் ஒரு முறை பார்த்துக் கையெழுத்துப் போடுவது, அறைக்கு ஒரு டீஹியூமிடிபையர், பின்னால் ஆன்லைன் யு.பி.எஸ். இன்னொரு வழி, ஜிங்க் செலினைடு ஒளியியல் கொண்ட மாடலைக் கேட்பது. ஏ.டி.ஆர். படிகத்துக்கு அது வேண்டாம் என்றேன், ஆனால் உள்ளே இருக்கும் பீம் ஸ்பிளிட்டருக்கும் ஜன்னலுக்கும் அது நல்லது. ஈரம் அதை ஒன்றும் செய்யாது. அங்கே யாரும் அதன் மேல் கல்லை வைத்து அழுத்தப் போவதுமில்லை. புரூக்கரின் ஆல்பா, அஜிலென்டின் கேரி 630 மாதிரிச் சிறிய கருவிகளில் இப்படி ஒரு தேர்வு கிடைக்கிறது.

ஜிங்க் செலினைடில் இழப்பது என்ன? பொட்டாசியம் புரோமைடு 400 செ.மீ⁻¹க்கும் கீழே வரை போகும், ஜிங்க் செலினைடு சுமார் 500இலேயே நின்றுவிடும். வழியில் அது கொஞ்சம் கூடுதல் ஒளியை எதிரொளித்து வீணாக்கவும் செய்யும். இந்த 500க்குக் கீழே உங்களுக்கு என்ன வேலை? ஆக்சைடுகள், நிறமிகள், களிமண் மாதிரிக் கனிமப் பொருள்களுக்கு அங்கே முக்கியமான பீக்குகள் இருக்கும். துத்தநாக ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு எல்லாம் அங்கேதான் பேசும். கரிம மருந்துப் பொருள்களின் கைரேகைப் பகுதி (ஒவ்வொரு பொருளையும் தனித்துக் காட்டும் இடம்) பெரும்பாலும் 650க்கு மேலேயே முடிந்துவிடும். அமெரிக்க மருந்துத் தொகுப்பு பொதுவாகக் கேட்பதும் 3800 முதல் 650 வரைதான். ஆகவே உங்கள் பட்டியலில் டைட்டானியம் டை ஆக்சைடு மாதிரிக் கனிமப் பொருள் நாலைந்துதான் இருந்து, அவற்றுக்கு வேறு அடையாளச் சோதனையும் இருந்தால், கடலோரத்தில் ஜிங்க் செலினைடு ஒளியியலுக்கே என் ஓட்டு. ஆனால் உங்கள் தர விதிகளில் எங்காவது 400 வரை என்று எழுதியிருந்தால் அந்த ஓட்டு செல்லாது. வாங்குவதற்கு முன்பே அந்தத் தாள்களைப் புரட்டிவிடுங்கள்.

இனி ப்ரோஷர் எண்கள். இங்கேதான் விற்பனைப் பிரதிநிதி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

சிக்னலுக்கும் இரைச்சலுக்குமான விகிதம். ஒருவர் 9,000 என்பார், இன்னொருவர் 32,000 என்பார், மூன்றாமவர் 1,50,000 என்பார். கேட்பவர் தலை சுற்றி மூன்றாமவரிடம் போய்விடுவார். எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். முதலாவது 5 நொடி அளவீடு, உச்சத்திலிருந்து பள்ளம் வரை அளந்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது அதே மாதிரி அளந்தது, ஆனால் 1 நிமிடம். நேரம் 12 மடங்கு கூடினால் விகிதம் 12இன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது ஏறக்குறைய 3.5 மடங்கு கூடும். 9,000ஐ 3.5ஆல் பெருக்கிப் பாருங்கள், 31,500. இரண்டும் ஒரே தரம்! மூன்றாவது 1 நிமிடம்தான், ஆனால் ஆர்.எம்.எஸ். (இரைச்சலின் ஒருவகைச் சராசரி) கணக்கு. ஆர்.எம்.எஸ். இரைச்சல் உச்ச-பள்ள இரைச்சலைவிட நாலைந்து மடங்கு சின்னதாக வரும். 1,50,000ஐ ஐந்தால் வகுத்தால் 30,000. ஆக மூன்று பேரும் ஒரே சரக்கை மூன்று படியில் அளந்து காட்டுகிறார்கள். எண்களை நான் உதாரணத்துக்குப் போட்டேன், கணக்கு நிஜம். மூன்று பேரிடமும் "4 செ.மீ⁻¹, 1 நிமிடம், உச்ச-பள்ளம், 2200 முதல் 2100 வரை, டி.எல்.ஏ.டி.ஜி.எஸ். டிடெக்டர்" என்று ஒரே நிபந்தனையில் எழுத்தில் எண் கேளுங்கள்.

கேட்ட பிறகும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த எண்கள் பொதுவாகக் காலி ஒளிக்கற்றையில், சாம்பிள் இல்லாமல், ஏ.டி.ஆர். இல்லாமல் எடுக்கப்பட்டவை. நீங்கள் ஒருநாளும் காலிக் கற்றையை அளக்கப் போவதில்லை. ஏ.டி.ஆரைப் பொருத்தினால் எவ்வளவு ஒளி மிஞ்சுகிறது என்பதுதான் உங்கள் எண். "ஏ.டி.ஆர். போட்ட நிலையில் 100 சதவீதக் கோடு எடுத்துக் காட்டுங்கள்" (சாம்பிள் இல்லாமல் எடுக்கும் கோடு, அதன் நெளிவுதான் இரைச்சல்) என்று கேட்டால் பிரதிநிதியின் முகம் கொஞ்சம் மாறும். மாறட்டும்.

ரெசல்யூஷன் (நெருங்கிய இரண்டு பீக்குகளைப் பிரித்துக் காட்டும் நுணுக்கம்) என்ற எண்ணும் இப்படித்தான். 0.5 செ.மீ⁻¹ என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். திடப்பொருளுக்கும் திரவத்துக்கும் 4 செ.மீ⁻¹ போதும். அவற்றின் பீக்குகளே பத்து, பதினைந்து செ.மீ⁻¹ அகலம் இருக்கும்போது அரை அலகு நுணுக்கத்தை வைத்து என்ன செய்வது? நுணுக்கம் கூட்டினால் இரைச்சலும் கூடும், நேரமும் ஆகும். வாயு வேலைக்குத்தான் அது வேண்டும். கார்பன் மோனாக்சைடின் சுழற்சிக் கோடுகள் ஒன்றுக்கொன்று 4 செ.மீ⁻¹க்கும் குறைவான இடைவெளியில் நிற்கும். கல்லூரியில் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வைத்து, குளோரின் 35, 37 இரண்டின் கோடுகளையும் பிரித்துக் காட்ட வேண்டும் என்றால் அங்கே இடைவெளி சுமார் 2 செ.மீ⁻¹. அவர்கள் 1 அல்லது அதற்கும் நல்ல கருவி கேட்கட்டும். மூலப்பொருள் சோதிக்கிற நீங்கள் அதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

டிடெக்டர் (ஒளியை உணரும் பாகம்) கதை சின்னது. அறை வெப்பத்திலேயே வேலை செய்யும் டி.எல்.ஏ.டி.ஜி.எஸ். உங்களுக்குப் போதும். எம்.சி.டி. என்ற இன்னொரு வகை பல மடங்கு கூர்மை, ஆனால் திரவ நைட்ரஜன் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அடர்த்தியான சாம்பிளில் நேர்கோட்டுத் தன்மையும் அவ்வளவு நன்றாக இருக்காது. மைக்ரோஸ்கோப்புக்கும் வேகமான வினைகளைத் தொடர்வதற்கும் உள்ளது அது.

இன்னொரு விஷயத்தை முதலாளியிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பின்னால் உங்கள் தலையில் விடியும். ஐ.ஆர். கருவி "இது என்ன?" என்ற கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்லும், "இதில் வேறென்ன கொஞ்சூண்டு இருக்கிறது?" என்ற கேள்விக்குச் சொல்லாது. ஏ.டி.ஆரில் ஒரு சதவீதத்துக்குக் கீழே போகும் கலப்படத்தை நம்பிக்கையோடு பிடிப்பது கஷ்டம். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தபோது, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பில் 48.6 சதவீதம் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்ததாகத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை காட்டியது. அதற்குப் பிறகு, சிரப்பில் சேரும் கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் வாங்குகிற எல்லோரும் பயந்துபோய் ஏதாவது கருவி வாங்கத் துடிக்கிறார்கள். டிரம்மில் இருப்பது புரோப்பிலீன் கிளைக்காலே இல்லை, வேறு எதுவோ என்றால் எஃப்.டி.ஐ.ஆர். ஒரு நிமிடத்தில் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் டை எத்திலீன் கிளைக்காலுக்கு மருந்துத் தொகுப்பு வைத்திருக்கும் வரம்பு 0.10 சதவீதம். அதை ஐ.ஆர். பார்க்காது, கேஸ் குரோமடோகிராபிதான் (கலவையை ஆவியாக்கிப் பிரித்து அளக்கும் முறை) பார்க்கும். கிளிசரினுக்கு ஐ.ஆர். சோதனையும் கேஸ் குரோமடோகிராபி சோதனையும் இரண்டுமே அடையாளச் சோதனைக்குள் வைக்கப்பட்டிருப்பது இதனால்தான். ஒன்று இருக்கிறது என்று மற்றதை விடக்கூடாது.

மென்பொருள். மருந்து வேலை என்றால் ஆடிட் டிரெய்ல் (யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவு), ஆளுக்கொரு லாகின், எலெக்ட்ரானிக் கையெழுத்து என்று அமெரிக்காவின் 21 சி.எஃப்.ஆர். பார்ட் 11 என்ற மின்பதிவு விதி கேட்பதெல்லாம் வேண்டும். பல கொட்டேஷன்களில் அடிப்படை மென்பொருள் மட்டும் விலையில் இருக்கும், இந்த வசதி தனி லைசென்ஸ் என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கும். ஸ்பெக்ட்ரம் லைப்ரரியும் அப்படியே. விலைக்கு விற்கும் பெரிய லைப்ரரி உங்களுக்கு இப்போது வேண்டாம். உங்களிடம் வரும் பொருள்களின் ரெஃபரன்ஸ் ஸ்டாண்டர்டுகளை உங்கள் கருவியிலேயே எடுத்து நீங்களே ஒரு லைப்ரரி கட்டிக்கொள்ளுங்கள், பொருத்தமானது அதுதான். தெரியாத பொருள் வந்தால் ஜப்பானின் எஸ்.டி.பி.எஸ். என்ற ஸ்பெக்ட்ரம் தளம் இலவசமாகவே கிடக்கிறது. கோப்புகளை ஜே.கேம்ப் (ஸ்பெக்ட்ரத்துக்கான பொதுக் கோப்பு வடிவம்) அல்லது சாதா எண் அட்டவணையாக வெளியே எடுக்க முடிகிறதா என்று மட்டும் உறுதி செய்யுங்கள். கருவி பதினைந்து வருடம் ஓடும், கூட வரும் கம்ப்யூட்டர் ஓடாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்ததும் எத்தனை ஆய்வகங்கள் திண்டாடின என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்து சர்வீஸ் ஆள். "சென்னையில் எங்களுக்கு ஆபீஸ் இருக்கிறது" என்பது பதில் இல்லை. எஃப்.டி.ஐ.ஆர். தெரிந்த என்ஜினீயர் எத்தனை பேர், எந்த ஊரில் இருக்கிறார்கள், பீம் ஸ்பிளிட்டரும் லேசரும் ஒளிமூலமும் இந்தியாவில் ஸ்டாக் இருக்கிறதா, ஏ.எம்.சி.யில் (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) உதிரிப் பாகம் சேர்த்தியா இல்லையா என்று கேளுங்கள். நான் ஒரு முறை ஒரு சின்ன ஒளிமூலத்துக்காக ஏழு வாரம் காத்திருந்தேன், கருவி நல்ல கருவிதான். பாண்டிச்சேரி, கடலூர் வட்டாரத்தில் அதே மாடலை வைத்திருக்கும் இரண்டு ஆய்வகங்களின் பெயரை வாங்கி, அங்கே கருவியைத் தொடுகிற கெமிஸ்டிடம் பேசுங்கள். மேனேஜரிடம் பேசினால் "எல்லாம் நல்லா இருக்கு" என்பார். கெமிஸ்ட்தான் உண்மையைச் சொல்வார். கம்பெனிப் பெயரை இந்த இடத்தில் முடிவு செய்தால் போதும்.

டெமோவுக்குப் போகும்போது அவர்கள் வைத்திருக்கும் அழகான சாம்பிளைத் தொடாதீர்கள். உங்கள் பட்டியலிலேயே மோசமான ஆறேழு சாம்பிளைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போங்கள். கல் மாதிரி ஒரு படிகம், பஞ்சு மாதிரி ஒரு பொடி, ஒரு அசிட்டோன், ஒரு பிலிம், உங்களிடம் இருந்தால் ஒரு நைட்ரைல், அப்புறம் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுள்ள இரண்டு பொருள். மெபெண்டசோல் கையாளுகிறீர்கள் என்றால் அதன் ஏ, சி படிக வடிவங்கள் இரண்டும் நல்ல பரீட்சை. வேதிப்பொருள் ஒன்றே, ஸ்பெக்ட்ரம் வேறு. ஒவ்வொன்றையும் துடைத்துவிட்டு அடுத்ததை வைக்க எவ்வளவு நேரம் ஆகிறது, அழுத்தும் கை ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தம் கொடுக்கிறதா, துடைத்த பிறகும் 2900 பக்கத்தில் எண்ணெய்ப் பசை தெரிகிறதா என்று பாருங்கள். வேலையை அவர்களுடைய ஆள் செய்ய விடாமல் உங்கள் ஜூனியர் கெமிஸ்டைச் செய்யச் சொல்லுங்கள். கடைசியாக, அலை எண் சரியாக விழுகிறதா என்று பார்க்கப் பாலிஸ்டைரின் பிலிமை ஓட்டச் சொல்லி 3060.0, 1601.2, 1028.3 மூன்றும் எங்கே விழுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். 1601.2இல் ஒரு அலகுக்கு மேல் நகர்ந்தால் அங்கேயே கேள்வி கேட்கலாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. மாதம் எத்தனை சாம்பிள்? பத்து பதினைந்துதான் என்றால் கருவியே வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள சைஃப் (உயர்நிலைப் பகுப்பாய்வுக் கருவிகள்) மையம் வெளியாட்களின் சாம்பிளைக் கட்டணத்துக்கு எடுத்துத் தருகிறது. வேறு ஆய்வகங்களும் உண்டு. தினமும் லாரி இறங்கி, ரிப்போர்ட்டுக்காகச் சரக்கு குவாரன்டைனில் (பயன்படுத்த முடியாமல் ஒதுக்கி வைத்து) கிடக்கிறது என்றால்தான் சொந்தக் கருவிக்கு அர்த்தம் உண்டு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாவது நிலையில்தான் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பிரஸ் வாங்கவா என்று கேட்டிருந்தீர்கள். வாங்குங்கள். தினசரி வேலைக்கு வேண்டாம்தான், ஆனால் ஏதோ ஒரு வாடிக்கையாளரின் ஸ்பெசிபிகேஷனில் "பொட்டாசியம் புரோமைடு டிஸ்க்" என்று அச்சாகியிருக்கும், அவர் மாற்றித் தரமாட்டார். கையால் இயக்கும் ஹைட்ராலிக் பிரஸ்ஸும் 13 மில்லிமீட்டர் டையும் (வில்லைக்கான அச்சு) போதும், கருவிக் கம்பெனியிடம் வாங்கத் தேவையில்லை, உள்ளூரிலேயே நல்லது கிடைக்கிறது. 1 முதல் 2 மில்லிகிராம் சாம்பிளை 200 மில்லிகிராம் பொட்டாசியம் புரோமைடோடு அகேட் உரலில் அரைத்து, எட்டுப் பத்து டன் அழுத்தம் கொடுத்தால் கண்ணாடி மாதிரி வில்லை வரும். 3400இலும் 1640இலும் பரந்த மேடு தெரிந்தால் அது உங்கள் பொருள் இல்லை, கடலூர்க் காற்று. பொட்டாசியம் புரோமைடை அடுப்பில் உலர்த்தி டெசிகேட்டரில் (ஈரம் புகாத ஜாடி) வையுங்கள். அரைப்பதிலும் அழுத்துவதிலும் சில பொருள்களின் படிக வடிவமே மாறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஹைட்ரோகுளோரைடு உப்புகளுக்குப் பொட்டாசியம் புரோமைடு போடாதீர்கள், புரோமைடும் குளோரைடும் இடம் மாறிக்கொண்டு ஸ்பெக்ட்ரம் குழம்பும். அதற்காகப் பொட்டாசியம் குளோரைடு ஒரு பாட்டில் சேர்த்து ஆர்டர் போட்டுவிடுங்கள்.